பாக் டாங் முளைகளுக்கு முன்னால் நடந்த போர்

"13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியரை வியட்நாம் மூன்று முறை விரட்டியது என்கிறார்கள். ஆற்றில் மரமுளைகளை நட்டுக் கப்பல்களைச் சிக்கவைத்த ஒரு தந்திரத்தால்தான் அந்த நாட்டின் தளபதி டிரான் ஹுங் டாவ் ஜெயித்தாரா? தோற்றவர்கள் நான்காவது முறை ஏன் வரவில்லை?" இதுதான் நீங்கள் கேட்டது. இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தன்னைவிடப் பல மடங்கு வலுவான படை எல்லை தாண்டி உள்ளே வரும்போது, நாட்டைக் காக்கும் தளபதியின் கையில் உண்மையில் என்னதான் இருக்கிறது? அதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாக் டாங் ஆற்றில் முளைகளை அடித்தபோது போரின் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால், எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம், எதை மட்டும் விடவே கூடாது என்று அவர் எடுத்த முடிவுகள்தான் டாய் வியட்டைக் காப்பாற்றின. அன்று அந்த நாட்டுக்கு டாய் வியட் என்றுதான் பெயர். இன்றைய வியட்நாமின் வடபகுதி மட்டுமே அதில் அடக்கம்.

தென்கிழக்காசிய வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். மூல நூல்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போர்களுக்கு முக்கியமான எழுத்துச் சான்றுகள் மூன்று. ஒன்று, 1479-இல் தொகுக்கப்பட்ட வியட்நாமிய அரச வரலாறு. போர் நடந்து ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து, வென்றவர்களின் வழிவந்தவர்கள் எழுதியது. இரண்டாவது, சீனாவை ஆண்ட மங்கோலியரின் யுவான் வம்சத்தின் வரலாறு. அந்த வம்சம் விழுந்ததும் 1370 வாக்கில் சீனாவில் தொகுக்கப்பட்டது. மூன்றாவது, 1285-இல் மங்கோலியர் பக்கம் போய்ச் சேர்ந்த லே டாக் என்ற வியட்நாமியர் சீனாவில் இருந்தபடி எழுதிய நூல். மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் எனக்குத் தயக்கமில்லை. ஒன்று மட்டும் சொல்லும் இடத்தில் 'சொல்லப்படுகிறது' என்றுதான் எழுதுவேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதிகம் மிகைப்படுத்தப்படுவது அதுதான். 1285-இல் 5 லட்சம் பேர் வந்தார்கள் என்று இணையத்தில் எங்கும் காணலாம். வியட்நாமிய வரலாற்று நூலிலேயே அந்த எண் இருக்கிறது, ஆனால் அது எதிரி தன்னைப் பற்றிப் பறைசாற்றிக்கொண்ட எண். அந்த மலைப்பாதைகளில் அவ்வளவு பேருக்குச் சோறு கொண்டுவருவது நடக்கிற காரியமே இல்லை. 1287 படையெடுப்புக்கு யுவான் வரலாறு தரும் கணக்கு நம்பும்படி இருக்கிறது: மூன்று மாகாணங்களிலிருந்து 70,000 பேர், 500 கப்பல்கள், தென்மேற்குச் சீனாவின் யுன்னானிலிருந்து 6,000 பேர், ஹைனான் தீவிலிருந்து 15,000 பேர். மொத்தம் 90,000 சொச்சம். டாய் வியட் தரப்பில் 2 லட்சம் பேர் திரண்டதாக அவர்களுடைய நூலே சொல்கிறது. அதில் பெரும்பகுதி ஊர்க் காவலர்களும் பிரபுக்களின் ஆட்களுமாக இருந்திருக்க வேண்டும். ஆக, தலைகளை மட்டும் எண்ணினால் 'சிறிய படை, பெரிய படை' என்ற படமே கலங்கிவிடும். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் ஒரு படையை இழந்தால் இரண்டே வருடத்தில் இன்னொன்றைத் திரட்ட முடியும், உண்மையில் திரட்டினார். டாய் வியட்டுக்கு இருந்தது ஒரே ஒரு படை. அது ஒரு திறந்த வெளியில், ஒரே நாள் சண்டையில் அழிந்தால் அதோடு கதை முடிந்தது. டிரான் ஹுங் டாவ் செய்த எல்லாவற்றையும் இந்த ஒரு கவலையிலிருந்து பார்த்தால் புரியும்.

1258-இல் நடந்த முதல் படையெடுப்பு ஒரு பாடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனது. யுன்னானிலிருந்து மங்கோலியத் தளபதி உரியாங்கதாய் இறங்கி வந்து தலைநகரான தாங் லாங்கைப் பிடித்தார். அதுதான் இன்றைய ஹனோய். நகரம் காலியாக இருந்தது. சில நாட்களிலேயே, நாட்டை ஆண்ட டிரான் வம்சத்து அரசர் திருப்பித் தாக்க, உரியாங்கதாய் கிளம்பிவிட்டார். தலைநகர் விழுந்தாலும் நாடு விழ வேண்டியதில்லை என்று அரச குடும்பம் அன்று கண்ணால் பார்த்தது.

1285 அப்படி இல்லை, அது பயங்கரமானது. அதற்குள் தென்சீனாவை ஆண்ட தெற்கு சோங் அரசு 1279-இல் ஒழிந்துவிட்டது. குப்ளாய்க்குச் சீனாவின் கப்பல்களும் மாலுமிகளும் கிடைத்துவிட்டார்கள். தெற்கே சாம்பா நாட்டை அவருடைய தளபதி சோகெட்டு கடல் வழியாகத் தாக்கி, அங்கே சிக்கிக்கொண்டிருந்தார். அந்தப் போருக்கு வழியும் தானியமும் கேட்டு டாய் வியட்டை நெருக்கினார்கள். டிரான் அரசர் மறுத்தார். குப்ளாயின் மகன் தோகான் வடக்கிலிருந்து லாங் சோன் கணவாய் வழியாக வந்தார், சோகெட்டு தெற்கிலிருந்து ஏறி வந்தார். நடுவில் மாட்டிக்கொண்டது டாய் வியட்.

தொடக்கத்தில் டிரான் ஹுங் டாவ் தோற்றார். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அவரை மதிக்க எனக்கு இதுதான் முதல் காரணம். எல்லைக் கணவாய்களில் நிற்கப் பார்த்தார், முடியவில்லை. வான் கீப்பில் படகுகளோடு அணிவகுத்தார், அங்கேயும் நிற்க முடியவில்லை. தாங் லாங் மறுபடி விழுந்தது. பல தளபதிகள் இந்த இடத்தில்தான் உடைவார்கள்: மானம் போய்விட்டதே என்று மிச்சப் படையைத் தலைநகர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தோல்வியிலும் படகுகளோடும் படையின் பெரும்பகுதியோடும் விலகினார். அரசரும், அவருக்குப் பட்டத்தை விட்டுக்கொடுத்த அப்பாவான மூத்த அரசரும் ஆறுகளிலும் கடலிலும் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். சோகெட்டு வடக்கே நகர்ந்த பிறகு, அவர் விட்டுப்போன தெற்கு மாவட்டமான தான் ஹோவாவுக்கே கடல் வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு தாடைகள் மூடும்போது நடுவில் கடிபட ஒன்றும் இல்லை.

விலை மிகப் பெரியது. அரச குடும்பத்து இளவரசர் ஒருவரே எதிரியிடம் சரணடைந்தார், வேறு சில பிரபுக்களும் போனார்கள். ஓர் இளவரசியைத் தோகானிடம் அனுப்பிவைத்தார்கள். அதன்பிறகு அவளைப் பற்றி நூல்களில் பேச்சே இல்லை. "சரணடைந்துவிடலாமா?" என்று மூத்த அரசர் கேட்க, "முதலில் என் தலையை வெட்டுங்கள், அப்புறம் சரணடையுங்கள்" என்று ஹுங் டாவ் சொன்னதாக அவர்களுடைய வரலாறு சொல்கிறது. அந்த வாக்கியம் அப்படியே சொல்லப்பட்டதா என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் அப்படி ஒரு பேச்சு எழும் அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

பிறகு வெயில் வந்தது. மே மாத வாக்கில் செந்நதி டெல்டாவில் புழுக்கமும் மழையும் நோயும் சேர்ந்துகொள்ளும். குதிரைகள் சேற்றில் நிற்கும், வடக்கத்திய வீரர்கள் காய்ச்சலில் விழுவார்கள். சிறு சிறு முகாம்களாகச் சிதறிக் கிடந்த எதிரியை டிரான் படைகள் அப்போதுதான் ஆற்று வழியாக ஒவ்வொன்றாக அடித்தன. சோகெட்டு கொல்லப்பட்டார். தோகான் எல்லை நோக்கி ஓடினார், வழியில் பதுங்கித் தாக்கினார்கள். வெண்கலக் குழாய்க்குள் ஒளித்து அவரைத் தூக்கிச் சென்றார்கள் என்ற கதை பிரபலம். வென்றவர்கள் ரசித்துச் சொன்ன கதையாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'பின்வாங்கு, காத்திரு, எதிரி களைத்ததும் அடி' என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். ஒரு நாட்டை அதற்குச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டம். தலைநகரை விடு, வீட்டை விடு, நெல்லை ஒளித்துவை அல்லது எரித்துவிடு என்று சொல்லும்போது இழப்பவன் தளபதி இல்லை, குடியானவன். அவன் ஒத்துழைக்காவிட்டால் எதிரிக்குச் சோறு கிடைத்துவிடும், உத்தி அங்கேயே செத்துவிடும். அதனால்தான் போருக்கு முந்தைய அரசியல் எனக்குப் போரைவிட முக்கியமாகப் படுகிறது. 1282-இல் பிரபுக்களையும் தளபதிகளையும் பின் தான் என்ற இடத்தில் கூட்டிப் பேசினார்கள். படை எல்லையை நெருங்கும் நேரத்தில் ஊர்ப் பெரியவர்களை டியென் ஹோங் மண்டபத்துக்கு அழைத்து, போரா சமாதானமா என்று கேட்டதாகவும், எல்லோரும் ஒரே குரலில் போர் என்றதாகவும் வரலாறு சொல்கிறது. ஒரே குரல் என்பது கொஞ்சம் அழகுபடுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் அரசவை கிராமத்துப் பெரியவர்களைக் கேட்கும் அளவுக்கு இறங்கி வந்தது என்பதே அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி.

ஹுங் டாவின் சொந்தக் கதையும் இதோடு சேர்ந்தது. அவருடைய அப்பா அன்றைய அரசரின் அண்ணன். அரசருக்கு வாரிசு வேண்டுமென்று 1237-இல் அந்த அண்ணனின் கர்ப்பிணி மனைவியையே பறித்து அரசியாக்கினார்கள். 1251-இல் அந்த அப்பா சாகும்போது, எனக்காக நாட்டைப் பிடி என்று மகனிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். பிற்காலத்தில் நாட்டின் மொத்தப் படையும் அந்த மகனின் கையில் வந்தபோது, அரசவையில் எத்தனை பேர் தூக்கமில்லாமல் இருந்திருப்பார்கள்! அவர் அந்தப் பகையை எடுக்கவே இல்லை. அரசரோடு போகும்போது தன் கைத்தடியின் இரும்பு முனையைக்கூடக் கழற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். தளபதியை நம்பாத அரசர் பின்வாங்கலைத் துரோகம் என்று நினைப்பார். இங்கே அரசர் நம்பினார், அதனால் பின்வாங்க முடிந்தது.

சரி, மூன்றாவது படையெடுப்புக்கு வருவோம். தோற்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். ஜப்பான் மீது திட்டமிட்டிருந்த படையெடுப்பைக் குப்ளாய் 1286-இல் நிறுத்திவைத்துவிட்டு, கவனத்தை இந்தப் பக்கம் திருப்பினார். உள்ளூரில் சோறு கிடைக்காது என்று தெரிந்ததால், இம்முறை தானியத்தைக் கப்பலில் கூடவே அனுப்பினார்: ஜாங் வென்ஹூ தலைமையில் 1,70,000 ஷி. அன்றைய ஒரு ஷியை 95 லிட்டர் என்று கொண்டால், நான் போட்ட தோராயக் கணக்கில் அது 12,000 டன் அரிசி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்றால் 90,000 பேருக்கு நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். குதிரைகளையும் சுமையாட்களையும் சேர்த்தால் அதற்கும் குறைவு. மொத்தப் படையெடுப்பும் அந்தக் கப்பல்களில்தான் இருந்தது.

போர்க்கப்பல்களை நடத்திய ஒமர், தானியக் கப்பல்களுக்காகக் காத்திருக்காமல் முன்னே போய்விட்டார். வான் டோன் பகுதியில் அவரைத் தடுக்க முயன்றவர் டிரான் கான் டு. தோற்றார். மூத்த அரசர் கோபத்தில் அவரை விலங்கிட்டுக் கொண்டுவர ஆள் அனுப்பினார். இந்தக் கான் டு ஏற்கெனவே ஒரு குற்றத்துக்காகப் பட்டம் பறிக்கப்பட்டுக் கரி விற்றுப் பிழைத்தவர். போர் நெருங்கியதும் திரும்ப அழைக்கப்பட்டவர். "இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுங்கள், அப்புறம் தண்டனையை ஏற்கிறேன்" என்று வந்தவரிடம் கேட்டுக்கொண்டாராம். போர்க்கப்பல்கள் போய்விட்டால் பின்னால் சுமைக் கப்பல்கள் காவலில்லாமல் வரும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். வந்தன, அடித்தார். ஏராளமான தானியமும் ஆயுதமும் பிடிபட்டதாக வியட்நாமிய நூல் சொல்கிறது. கப்பல்கள் பாரத்தால் நகர முடியாமல் போகவே அரிசியைக் கடலில் கொட்டிவிட்டு ஜாங் வென்ஹூ ஹைனானுக்குத் தப்பினார் என்கிறது யுவான் வரலாறு. எது எப்படியோ, அந்த அரிசி தோகானுக்குப் போய்ச் சேரவில்லை என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகின்றன. அடுத்து நடந்தது இன்னும் நுட்பமானது. பிடிபட்ட வீரர்களை விடுவித்து எதிரி முகாமுக்கே அனுப்பினார்கள். சோறு வராது என்ற செய்தி அவர்கள் வாயாலேயே பரவட்டும் என்று.

1288 தொடக்கத்தில் தோகான் தாங் லாங்கில் நுழைந்தார், மூன்றாவது முறையாகக் காலி நகரம். நெல் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பினார், தானியக் கப்பல்களைத் தேடி ஒமரைக் கடலுக்கு அனுப்பினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய தளபதிகள் அப்போது சொன்னதை யுவான் வரலாறு பதிவு செய்திருக்கிறது: இங்கே பிடித்து நிற்கக் கோட்டை இல்லை, உண்ணக் களஞ்சியம் இல்லை, தானியக் கப்பல்கள் வரவில்லை, வெயிலும் தொடங்கிவிட்டது, படை முழுசாக இருக்கும்போதே திரும்பிவிடலாம். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். எதிரியின் தளபதிகளே தாங்கள் ஏன் தோற்றோம் என்று சொல்கிறார்கள், அதில் ஒரு முளைகூட இல்லை. பாக் டாங் சண்டைக்கு முன்பே அவர்கள் திரும்பிப்போக முடிவு செய்துவிட்டார்கள்.

அப்படியானால் பாக் டாங் எதற்கு? சும்மா போகவிட்டால் 1285 போல மறுபடி வருவார்கள். ஆட்கள் செத்தால் வேறு ஆட்கள் கிடைப்பார்கள். கப்பற்படையும் அதை நடத்தத் தெரிந்தவர்களும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்க மாட்டார்கள். ஆகவே கப்பல்கள் வெளியேறும் வழியில் 1288 ஏப்ரல் 9 அன்று ஹுங் டாவ் காத்திருந்தார். இடம் புதிதல்ல. 938-இல் ங்கோ குயென் இதே ஆற்றில் இதே முறையில் சீனாவின் தெற்கு ஹான் அரசின் படையை அழித்திருந்தார். ஆனால் இதற்குத் தண்ணீரைப் பற்றிய அறிவு வேண்டும். பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு ஓதம் (கடல்நீர் ஏற்றம்), இரண்டு வற்றம் (இறக்கம்). இந்த ஆறு போய்ச் சேரும் டோங்கின் வளைகுடாவின் வடபகுதியில் நாளுக்கு ஒன்றுதான். நீர் ஏறக்குறைய அரை நாள் ஏறும், அரை நாள் இறங்கும். பெரிய ஓத நாட்களில் மூன்று நான்கு மீட்டர் இறங்கிவிடும். அங்கே பெரிய ஓதம் அமாவாசை, பௌர்ணமியைப் பின்பற்றுவதில்லை. நிலவு நிலநடுக்கோட்டை விட்டு அதிகம் விலகி நிற்கும் நாட்களைப் பின்பற்றும். சண்டை நடந்தது சாந்திரமாதத்தின் எட்டாம் நாள், அதாவது பாதி நிலா. வசந்த காலத்தில் வளர்பிறைப் பாதி நிலவு அப்படித்தான் விலகி நிற்கும். உள்ளூர் மீனவனுக்கு இது அனுபவத்தில் தெரியும், வெளியிலிருந்து வந்த மாலுமியின் பழக்கக் கணக்கு அங்கே தப்பும்.

நீர் உயர்ந்திருக்கும்போது சிறு படகுகள் வம்புக்குப் போய், தோற்றதுபோல் ஓடின. ஒமரின் கப்பல்கள் துரத்தின. நீர் இறங்கத் தொடங்கியதும் மறைந்திருந்த படகுகள் திரும்பின, தீப்படகுகள் வந்தன, பாரக் கப்பல்கள் முளைகளுக்கும் வண்டலுக்கும் நடுவே நின்றுபோயின. ஒமர் உயிரோடு பிடிபட்டார். 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கைப்பற்றப்பட்டதாக வியட்நாமிய நூல் சொல்கிறது. அந்த எண்ணை அப்படியே நம்ப நான் தயாரில்லை, ஆனால் அந்தக் கப்பற்படை ஒன்றாகத் திரும்பவில்லை என்பது உறுதி. முளைகளும் கட்டுக்கதை அல்ல. 1950-களில் குவாங் யென் பக்கம் யென் ஜியாங்கில் மண் வெட்டியபோது வெளிவந்தன. 20 முதல் 30 செ.மீ. பருமனுள்ள கட்டைகள். தொல்லியலாளர்கள் இதுவரை கண்டவை பெரும்பாலும் கிளையாறுகளின் வாய்ப்பகுதியில் இருக்கின்றன. அதனால் முளைகளின் வேலை கப்பலின் அடியைக் குத்துவதைவிட, கடலுக்குப் போகும் பக்கவழிகளை அடைத்து எல்லோரையும் ஒரே இடத்தில் நெருக்குவதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். 2019-இல் ஹாய் போங் அருகே காவ் குய்யில் கிடைத்த முளைத்தொகுதியைப் போல இன்னும் சில கிடைத்தால் தெளிவு கூடும்.

இதை எங்கேயும் செல்லும் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டெல்டாவின் சேறு, கோடைக் காய்ச்சல், வெகுதூரத்திலிருந்து வரும் எதிரி, சொந்தமாகப் படகுப்படை, ஒற்றுமையான அரசவை, எல்லாம் ஒன்றாக அமைந்தன. சமவெளியில், நல்ல சாலைகளோடு, அண்டை நாட்டிலிருந்து வரும் படையிடம் தலைநகரை விட்டுக்கொடுத்தால் அது திரும்பக் கிடைக்காமலே போகலாம். ஹுங் டாவுக்கே இது தெரிந்திருந்தது. 1300-இல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, வடக்கர்கள் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று அரசர் கேட்டார். காற்றும் தீயும் போலப் பாய்ந்து வரும் எதிரியைத் தடுப்பது எளிது, பட்டுப்புழு இலை தின்பது போல மெதுவாக, மக்களைச் சூறையாடாமல் வருபவன்தான் ஆபத்து என்று பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. மக்களின் பாரத்தைக் குறைத்து வேரை ஆழமாக்குங்கள் என்றும் சொன்னாராம். அவர் வென்றது முதல் வகை எதிரியை. 1407-இல் சீனாவின் மிங் வம்சப் படை வந்து, நிர்வாகம் அமைத்து, 20 ஆண்டு தங்கியபோது அந்த இரண்டாவது வகையை டாய் வியட் பார்த்தது.

கடைசியாக, நான்காவது முறை ஏன் வரவில்லை என்ற கேள்வி. குப்ளாய் மனம் மாறிவிடவில்லை. வென்ற கையோடு டிரான் அரசர் செய்தது கொண்டாட்டம் மட்டுமல்ல. அவர் காணிக்கையோடு தூது அனுப்பினார், பேரரசரின் மேலாதிக்கத்தைப் பெயரளவில் ஒப்புக்கொண்டார், கைதிகளைத் திருப்பி அனுப்பினார். ஒமரையும் அனுப்பினார்கள், வழியில் கப்பல் மூழ்கி அவர் இறந்தார். திட்டமிட்டுத்தான் மூழ்கடித்தோம் என்று வியட்நாமிய நூலே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அரசர் நேரில் வந்து பணிய வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். குப்ளாய் 1293-இல் தூதரைப் பிடித்து வைத்துக்கொண்டு மீண்டும் படை திரட்டத் தொடங்கினார். 1294 பிப்ரவரியில் அவர் இறந்தார். பட்டத்துக்கு வந்த பேரன் தெமூர் படையெடுப்பைக் கைவிட்டுத் தூதரை விடுவித்தார். அந்த மரணம் சில வருடம் தள்ளிப்போயிருந்தால் நான்காவது போர் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதையும் தாக்குப்பிடித்திருப்பார்களா என்று கேட்டால், வயல்கள் மூன்று முறை பாழான ஒரு நாட்டைப் பற்றி உறுதியாக ஆம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.